சுப்பையன் நிற்கும் இடம்

மலாக்காவின் காஜா பேராங்கில் விஷம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு காலத்தில் யாரும் சிரமப்பட்டதில்லை. வேலியில் சிவப்புத் துணி தொங்கினால் அங்கே விஷம் இருக்கிறது. தொங்காவிட்டால் இல்லை. மாடு வைத்திருந்தவர்கள், கோழி வைத்திருந்தவர்கள், சின்னப் பிள்ளைகள் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அந்தத் துணியைப் பார்த்துத்தான் நடந்துகொண்டார்கள். அதற்கு ஒரு மேசை கிடையாது, முத்திரை கிடையாது, சம்பளம் வாங்குகிற ஆளும் கிடையாது. இவ்வளவு ஒழுங்காக நடக்கிற ஒரு காரியத்தை எந்த அரசாங்கம்தான் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும்?

துணி சுப்பையனுடையது. லாலாங் புல்லையும் கரையானையும் மருந்தடித்துக் கொல்வது அவன் பிழைப்பு. ரப்பர்த் தோட்டத்தில் கற்றுக்கொண்ட வேலை. பாஷாணம் கலந்த அந்த மருந்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, உப்புக் கரிக்கும். மருந்து பட்ட புல்லை மாடு ஒதுக்காது. தேடிப்போய் நக்கும். தோட்டத்தில் அஞ்சலையின் முதல் மாடு அப்படித்தான் செத்தது. அவள் அழுதுகொண்டு ஆபீசுக்குப் போனபோது, "உன் மாட்டை யார் நக்கச் சொன்னது?" என்று துரை கேட்டார். நியாயமான கேள்விதான். மாடு பதில் சொல்லும் நிலையில் இல்லை.

பிறகு அஞ்சலையின் புருஷன் சிங்கப்பூருக்குப் போனான். போனவன் போனவன்தான். அவள் காஜா பேராங்குக்கு வந்து, அங்கே இங்கே கைமாற்று வாங்கி இன்னொரு மாடு பிடித்தாள். அதற்குக் குண்டுமணி என்று பேர் வைத்து, கண்ணு படாமல் இருக்கக் கழுத்தில் ஒரு சிவப்புத் துண்டுத் துணியும் கட்டினாள். அதன் பால்தான் அவளுக்குச் சோறு. அதே வருஷம் தோட்டத்தைவிட்டு வந்து சேர்ந்த சுப்பையன், அந்த மாட்டைப் பார்த்த அன்றே அவளிடம் சொன்னான்: "தங்கச்சி, இனிமே நான் மருந்தடிக்கிற எடத்துல மொதல்ல செவப்புத் துணி. அப்புறந்தான் பம்பு." சொன்னபடியே செய்தும் வந்தான்.

அவனுடைய லைசன்ஸ் விஷயம் அதுவரை எளிதாக இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை சுகாதார இன்ஸ்பெக்டர் மார்க்கெட்டில் மீன் வாங்க வரும்போது காகிதத்தை நீட்டினால், மீன் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவார். போன வருஷம் மலாக்கா பாடாங் மைதானத்தில் சுதந்திரத்துக்குத் தேதி சொன்னார்களே, அதிலிருந்துதான் வினை. சுதந்திர நாட்டில் ஒருவன் மீன் வாசனையோடு உரிமம் வாங்கலாமா? விஷமருந்துத் தெளிப்புக்கென்று தனியாக ஓர் இலாகா பிறந்தது. காஜா பேராங் சாலையோரத்தில் ஒரு பழைய பங்களாவை அதற்குக் கொடுத்தார்கள். முன்னால் பெரிய கேட், பின்னால் ஆள் உயரத்துக்கு லாலாங். வெள்ளைக்கார அதிகாரி கப்பல் ஏறிய மறுநாளே கலியாணசுந்தரம் என்கிற நம்மவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவருக்குத் தமிழ் மறந்துபோயிற்று. மேடை ஏறினால் மட்டும் ஞாபகம் வரும்.

இலாகாவின் தலைமைக் கிராணி, அதாவது பெரிய குமாஸ்தா, மாணிக்கவாசகம் யாழ்ப்பாணத்துக்காரர். சட்டத்தில் உள்ள ஒவ்வொரு விதியும் அவருக்கு மனப்பாடம். எந்த விதி எதற்காக என்று மட்டும் அவரிடம் கேட்கக்கூடாது.

"லைசன்ஸ் முடியப் போகுதுங்க. புதுப்பிக்கணும்" என்றான் சுப்பையன்.

"புதுப்பிக்கிறதோ? பழைய உரிமம் தந்தது பழைய ஆட்கள். அதை நாங்கள் புதுப்பிக்கேலாது. புதுசா எடுக்க வேணும். சோதினை இருக்கு. முடியும்வரைக்கும் மருந்தைத் தொடப்படாது, விளங்குதோ?"

"தொடாம சாப்பாட்டுக்கு என்னாங்க பண்றது?"

"அது வேற இலாகா, காணும்."

சோதனை பங்களாவின் பின்பக்க வராந்தாவில் நடந்தது. ஒரு தட்டில் கரையான் புற்றின் துண்டு ஒன்றை வைத்திருந்தார்கள். சுப்பையன் பம்பைக் கையில் வாங்கினான். இலேசாக இருந்தது. மூடியைத் திறந்து மோந்தான். தண்ணீர்.

"மருந்து இல்லீங்களே?"

"உரிமம் இல்லாத ஆளிட்டை மருந்தைக் குடுக்கிறது குற்றம். தண்ணியிலை அடியும்."

அடித்தான். பெரியவர் கலியாணசுந்தரமே வந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கரையான்களுக்கு உடம்பு குளிர்ந்ததோ என்னவோ, முன்னைவிடச் சுறுசுறுப்பாக ஓடின. பூச்சி எதுவும் சாகவில்லை, ஆகவே விண்ணப்பதாரருக்குப் போதிய திறமை இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். சுப்பையன் தலையைச் சொறிந்தான். அடுத்த சோதனையில் அவன் யாரும் பார்க்காதபோது புற்றைக் கட்டைவிரலால் நசுக்கிவிட்டான். "அபாரமான முன்னேற்றம்" என்று பெரியவர் இங்கிலீஷில் சொல்லிக் கைகுலுக்கினார். ஒரு துளி மருந்து இல்லாமல் பூச்சியைக் கொன்ற சாதனை என்று மேலிடத்துக்கு அறிக்கையும் போயிற்று.

அதற்கப்புறம் வந்தது ஏழாவது விதி. மருந்தடிக்கும் இடத்தில் தகுந்த சிவப்புத் துணியால் எச்சரிக்கைக் குறி வைக்க வேண்டும். துணியைப் பார்வைக்குக் கொண்டுவர வேண்டும். சுப்பையனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. கடைசியில் தனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்கிறார்களே!

துணியைத் துவைத்து, காயட்டும் என்று ஒரு கம்பில் கட்டிச் சைக்கிளில் வைத்துக்கொண்டு கிளம்பினான். அவசரகாலச் சட்டம் இன்னும் இருந்த நாள். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் சிவப்புத்தான் நிறம் என்பது சுப்பையனுக்குத் தோன்றவே இல்லை. சாலையில் சிவப்புக் கொடியோடு ஒருவன் மணியடித்துக்கொண்டு வந்தால் போலிஸ்காரர்களுக்குத் தோன்றாமல் இருக்குமா?

ஸ்டேஷனில் போலிஸ் இன்ஸ்பெக்டர் மலாய் மொழியில் விசாரித்தார். எந்தச் சங்கம், யார் தலைவர், அடுத்த கூட்டம் எங்கே?

"நான் ஒரு ஆளுதாங்க. லாலாங்குக்கு எதிரா" என்று சுப்பையன் தனக்குத் தெரிந்த மலாயில் பதில் சொன்னான். அந்தப் பதில் இன்ஸ்பெக்டருக்கு அவ்வளவு நல்லதாகப் படவில்லை.

"மலாக்காவைக் கம்யூனிஸ்டுகள் ஒழிந்த வெள்ளைப் பகுதி என்று எப்போதோ அறிவித்தாகிவிட்டது. வெள்ளைப் பகுதியில் சிவப்புக்கு என்ன வேலை?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். துணியைச் சுருட்டிப் பூட்டி வைத்தார்கள். மூலைக் கடை ஹனீபா வந்து, "இவன் நம்ம கடையில டீ குடிக்கிற ஆளுங்க, எந்தக் கட்சியிலயும் டீ குடிக்கிறதில்ல" என்று உத்தரவாதம் சொன்ன பிறகுதான் சுப்பையனை விட்டார்கள். துணியை விடவில்லை.

அத்தோடு நிற்கவில்லை. ரோந்து போன போலிஸ்காரர் ஒருவர் குண்டுமணியின் கழுத்துத் துண்டையும் பார்த்துவிட்டு அறிக்கை எழுதினார். இரண்டு நாள் அஞ்சலை மாட்டோடு ஸ்டேஷனுக்கு நடந்தாள். மாடு எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் அல்ல என்று தெரியவந்ததால் அதன் துண்டுக்கு விலக்கு அளித்தார்கள். சுப்பையன் சங்கத்தில் இல்லை என்பதற்கு அத்தாட்சி போதவில்லை.

சிவப்புத் துணி இல்லாவிட்டால் உரிமம் இல்லை. சிவப்புத் துணி இருந்தால் லாக்கப். இதை மாணிக்கவாசகத்திடம் சுப்பையன் சொன்னபோது அவர் முகத்தில் முதல் தடவையாகச் சந்தோஷம் தெரிந்தது. "இது ஒரு பிரச்சினை எல்லோ! குழு போட வேணும்" என்றார்.

குழு கூடியது. துணிக்கு வேறு நிறம் தேடினார்கள். மஞ்சள் அரச குடும்பத்து நிறம், விஷத்துக்கு வைக்கலாகாது. சுதந்திரம் வருகிற நேரத்தில் கறுப்பு அபசகுனம். பகுதியே வெள்ளை என்பதால் அதில் வெள்ளைத் துணி கட்டுவது வீண் செலவு. பச்சை புல்லில் தெரியாது என்று யாரோ சொன்னார்; குழுவில் கேட்ட ஒரே புத்தியுள்ள பேச்சு அதுதான், ஆகவே அது பதிவாகவில்லை. நீலத்துக்கு யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. யாருக்குமே ஆட்சேபம் இல்லாத நிறத்தில் ஏதோ சூது இருக்கிறது என்று அதை மேல் விசாரணைக்கு அனுப்பினார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுப்பையனை உள்ளே கூப்பிட்டு நிறுத்திவைத்து, பெரியவர் எழுந்து பேசினார். கூட்டம் என்பதால் தமிழ் வந்தது.

"அன்பர்களே! ஓர் இடத்தில் ஆபத்து இருப்பது பெரிய விஷயமல்ல. ஆபத்து இருப்பது பொதுமக்களுக்குத் தெரிவதுதான் பெரிய விஷயம். தெரிந்தால் கேட்பார்கள். கேட்டால் நாம் பதில் சொல்ல வேண்டும். சுதந்திரம் பெறப்போகும் இந்தப் பொன்னான வேளையில், பதில் சொல்லும் நிலையில் இந்த இலாகா இல்லை. ஆகவே குறி இருக்க வேண்டும், ஆனால் கண்ணை உறுத்தக்கூடாது. மருந்தடித்தவரே அங்கே குறியாக நிற்கட்டும்!"

எல்லாரும் கைதட்டினார்கள். தன்னைப் பாராட்டுகிறார்களாக்கும் என்று நினைத்துச் சுப்பையனும் தட்டினான்.

"நான் துணி மாதிரி நிக்கணுங்களா?" என்று பிறகு வெளியே வந்து கேட்டான்.

"துணியை விட நீர் திறம், காணும். துணி காத்திலை பறந்து போகும். உமக்குக் குடும்பம் இருக்கு, போக மாட்டீர்" என்றார் மாணிக்கவாசகம்.

"எத்தன நாளைக்குங்க?"

"மழை பெய்து கழுவும் வரைக்கும்."

முதல் வேலையை இலாகாவே கொடுத்தது. மெர்டேக்கா என்கிற சுதந்திர நாளன்று பங்களா வாசலில் கொடியேற்றி விழா நடத்தப் போகிறார்கள். பின்னால் லாலாங் மண்டிக்கிடந்தால் மதிப்பாக இருக்குமா? பெரியவர் வாயால் உத்தரவு சொல்லி, உரிமத்தை விழா மேடையில் வைத்துத் தருவதாகவும் சொல்லிவிட்டார். சுதந்திர நாட்டின் முதல் விஷமருந்து உரிமம்! சுப்பையன் மருந்தடித்தான். அடித்துவிட்டுப் பின்பக்க வேலிக் கதவருகே போய் நின்றான். அந்தக் கதவுக்கு எதிரேதான் அஞ்சலையின் வீடு.

வெயிலில் நின்றான். மழைக்காக வானத்தைப் பார்த்தபடி நின்றான். மலாக்காவில் மழை என்ன, கேட்டபோதா பெய்யும்? போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் ஒரு வார்த்தை சொல்லாமல் போகவில்லை. ஹனீபா டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

"என்னாப்பா சுப்பையா, பெரிய பெரிய தொரைங்களுக்கு செத்த பொறவுதான் செல வைப்பாங்க. ஒனக்கு உசுரோடவே வச்சிட்டாங்களே லா!"

"சிரிக்காதீங்க பாய். கால் கடுக்குது."

அஞ்சலை மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தவள் அவனைக் கண்டு நின்றாள். வேலியை மேலும் கீழும் பார்த்தாள். "என்னாண்ணே, துணி எங்க?"

"நான்தான் துணி, தங்கச்சி."

அவள் சிரிக்கவில்லை. சுப்பையனும் சிரிக்கவில்லை. தோட்டத்தில் வயிறு உப்பிக் கிடந்த மாடு இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது.

"நல்லா கேட்டுக்க. நான் இங்க நிக்கிற வரைக்கும் மாட்ட இந்தப் பக்கம் விட்றாத. நான் நின்னா வெசம். நான் நிக்கலன்னா புல்லு. அவ்ளோதான்."

"சரிண்ணே" என்று அவள் மாட்டைத் திருப்பிக்கொண்டு போனாள். குண்டுமணி அப்போது கன்று போட்டுக் கொஞ்ச நாள்தான். கன்றும் பின்னாலேயே துள்ளிக்கொண்டு ஓடியது.

ஏற்பாடு நன்றாகவே நடந்தது. விடிந்ததும் வருவான், மாடுகளைக் கட்டும் நேரத்துக்குப் போவான். காஜா பேராங்கில் சுப்பையன் நிற்கும் இடத்தை ஜனங்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். பிள்ளைகளுக்குக்கூடப் பழகிவிட்டது. இதை அப்படியே விட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

மெர்டேக்காவுக்கு முதல் நாள் காலையில் மாணிக்கவாசகம் பின்பக்கம் வந்தார். "வாரும், வாரும். நாளைக்கு நீர் மேடையிலை உரிமம் வாங்க வேணும் எல்லோ? ஒத்திகை நடக்குது."

"நான் வந்துட்டா இங்க யாருங்க நிப்பா?"

"உரிமம் உள்ள ஆள்தான் நிக்கலாம்."

"அது இன்னும் எங்கிட்ட குடுக்கலீங்களே."

"அதுதானே காணும், வாங்கப் பழகுறதுக்கு வாரும் எண்டு கூப்பிடுறன்!"

டீ கிளாசை வாங்க வந்த ஹனீபா, "நான் நிக்கிறேனே, ஒரு அஞ்சு நிமிசம். கடைய அடச்சிட்டு வந்துர்றேன்" என்றார். உரிமமில்லாத ஆள் குறியாக நிற்பது குற்றம், நின்றால் நடவடிக்கை எடுப்போம் என்று மாணிக்கவாசகம் மிரட்டினார். ஹனீபா பயந்து போய்விட்டார். சுப்பையன் தன் சட்டையைக் கழற்றி வேலிக் கதவில் தொங்கவிட்டு, பனியனோடு உள்ளே ஓடினான். பெரியவர் பின்பக்கத்தையும் பார்வையிட வரலாம், அழுக்குச் சட்டை தொங்கினால் தன் வேலை போகும் என்று இலாகாவின் பியூன் அதை எடுத்துச் சுருட்டி உள்ளே எறிந்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் கண்ணுக்கு அது அழுக்குச் சட்டையாகத்தான் தெரிந்தது.

ஒத்திகை ஒரு நிமிஷ வேலை. மேடை ஏற வேண்டும், குனிய வேண்டும், வாங்க வேண்டும், இறங்க வேண்டும். சுப்பையன் வேகமாக ஏறி வேகமாக வாங்கினான். "மரியாதை போதாது" என்றார் பெரியவர். மறுபடியும் ஏறினான். குனிந்தது அதிகமாகிவிட்டது, சுதந்திர நாட்டுப் பிரஜை அவ்வளவு குனியக்கூடாது. மறுபடியும். இப்போது குனிந்தது போதவில்லை, என்ன இருந்தாலும் அதிகாரி அதிகாரிதான். உறையில் உரிமம்கூட இல்லை, வெறும் உறை. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் சுப்பையன் பின்பக்கத்தைப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் யாராவது அவன் தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். கடைசியில் போட்டோக்காரர் வந்து, வெளிச்சம் சரியில்லை, இன்னொரு தடவை என்றார்.

விட்டதும் ஓடினான். வேலிக் கதவு திறந்திருந்தது. லாலாங் ஓரத்தில் குண்டுமணி நின்று, தலையை ஆட்டி ஆட்டி, ஆசை ஆசையாக நக்கிக்கொண்டிருந்தது. அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்து அதன் முதுகில் உண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கத்திய கத்தலில் மாடு மிரண்டது. அஞ்சலை எழுந்து அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நீ நிக்கலியேண்ணே" என்றாள். "நீ நிக்கலன்னா புல்லுன்னு நீதானே சொன்ன."

வீட்டுக்கு இழுத்துப் போய்ப் புளியைக் கரைத்து ஊற்றினார்கள், கரியை அரைத்து ஊற்றினார்கள். ஹனீபா கடையிலிருந்து நல்லெண்ணெய் டின்னோடு ஓடிவந்தார். மாடு தள்ளாடியது, கழிந்தது, பிறகு படுத்தது. கன்று மடியை முட்ட வந்தபோது அஞ்சலை அதைப் பிடித்துத் தள்ளிக் கட்டினாள். அந்தப் பாலிலும் விஷம் ஏறியிருக்குமே! அப்போதுதான் அவள் அழுதாள். மாடு சாயங்காலம் செத்தது.

சுப்பையன் நேரே இலாகாவுக்குப் போனான். மேடைக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் பொறுமையாகக் கேட்டார். இங்கிலீஷில் ஏதோ கேட்டார். மாணிக்கவாசகம் தமிழில் கேட்டார்.

"மாடு எங்கை செத்தது?"

"அஞ்சல வீட்லங்க."

இரண்டு பேர் முகமும் தெளிந்தது. "அப்ப இலாகா வளவுக்குள்ளை சாவு ஒண்டும் நடக்கேல்லை" என்றார் மாணிக்கவாசகம். பெரியவர் சுப்பையன் தோளைத் தட்டினார். நாளை மேடையில் பேசப் போகும் உற்சாகத்தில் அவருக்கு முன்கூட்டியே தமிழ் வந்துவிட்டது. "கவலைப்படாதே. உன் உரிமத்துக்கு இதனால் எந்தப் பாதிப்பும் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார். அப்படி மனதாரச் சொன்னதைத்தான் சுப்பையனால் தாங்க முடியவில்லை.

அவன் அஞ்சலை வீட்டுக்குத் திரும்பிப் போய் மாட்டின் தலைமாட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். "தங்கச்சி, இத எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டான். அவள் தலையசைத்தாள். குண்டுமணியின் கழுத்திலிருந்த சிவப்புத் துண்டை அவிழ்த்துக்கொண்டான்.

மெர்டேக்கா காலை நல்ல வெயிலாக விடிந்தது. ஊரே புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் காகிதக் கொடியோடு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்தது. பங்களா வாசலில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் முன்கேட் வரை வந்து நின்றுவிட்டார்கள்.

கேட்டின் கம்பியில் ஒரு சின்னச் சிவப்புத் துண்டு கட்டியிருந்தது. அதன் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு சுப்பையன் நின்றான். அவன் யாரையும் தடுக்கவில்லை. காஜா பேராங்காரர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதும் இல்லை. முன்னால் வந்தவர்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். உள்ளே வரிசை வரிசையாக நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. காவலுக்கு வந்த இன்ஸ்பெக்டர் அந்தத் துண்டைக் கிட்டே வந்து பார்த்தார். அது ஏற்கனவே விலக்கு அளித்த துண்டு என்று அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தொடாமல் போய்விட்டார்.

"விஷத்தை ஒழுங்குபடுத்திய நமது இலாகாவின் முதல் உரிமத்தைப் பெற்றுக்கொள்ள, திரு. சுப்பையன் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்!" என்று ஒலிபெருக்கியில் பெரியவரின் தமிழ் முழங்கியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் முழங்கியது.

மாணிக்கவாசகம் வேட்டி தடுக்க ஓடிவந்தார். "காணும், உம்மடை பேரைக் கூப்பிடுறாங்கள்! கேக்கேல்லையோ? உள்ளுக்கு வாரும்!"

"வர முடியாதுங்க. நான் நிக்கணும். நான்தானே குறி."

"என்ன விசர்க் கதை? மருந்து அடிச்சது பின்னுக்கெல்லோ? இது முன்கேட்!"

"தெரியுங்க" என்றான் சுப்பையன்.

சாலைக்கு அந்தப் பக்கம் அஞ்சலை கன்றோடு வந்து நின்றாள். வாசலில் விழாவுக்காக வெட்டிப் பரப்பியிருந்த பச்சைப் புல்லைக் கண்டு, பசியோடிருந்த கன்று கேட்டைப் பார்த்து இழுத்தது. அவள் சுப்பையன் நிற்பதைப் பார்த்தாள். கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கன்றைத் திருப்பி வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.